ஏற்காடு: ஓவர்ஹெட் டேங்க் மேலேயே காட்சிமுனை வைக்கலாமா?

மலைச்சரிவு:
ஏற்காடு பக்கம் ஒரு ஊருக்கு 1 லட்சம் லிட்டர் டேங்க் வரப்போகுது. தூண் உயரம் 12 மீட்டர். மேலே கைப்பிடி வெச்சுட்டா ராத்திரியில சேலம் வெளிச்சம் மொத்தமும் தெரியும், டிக்கெட் போடலாம்னு பேச்சு. குவைத்துல இருக்கே, இங்கே ஆகாதா?

கம்பிகட்டு:
1979இல் திறந்த குவைத் கோபுரங்களை முதல்லயே ரெண்டு வேலைக்கும் சேர்த்துத்தான் கட்டினாங்க. அதுல பெரிய கோபுரத்துல கீழ் உருண்டையோட பாதியிலதான் தண்ணி. சுத்திப் பார்க்கிற உருண்டை அதுக்கும் மேலே தனியா இருக்கு.

நம்ம டேங்க் டோம், அதாவது மேல் கூரை, அப்படியில்லைங்க. மூடி திறக்க ஏறுற ஆளுக்குன்னு சதுர மீட்டருக்கு 75 கிலோதான் கணக்கு. கூட்டம் நிக்கணும்னா 500 கிலோ. சுவரைச் சுத்தி ஒன்றரை மீட்டர் நடைபாதை போட்டாலே 38 சதுர மீட்டர், 19 டன் கூடுது. அதுவும் சமமா நிக்காது. விளக்கு தெரியுற சேலம் பக்கமே அத்தனை பேரும் சாய்வாங்க, அந்தப் பக்கத்துத் தூண்தான் பாரத்தை வாங்கும்.

கட்டி முடிச்ச டேங்க்ல கைப்பிடி மாட்ட ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட் மட்டும் அடிச்சுடாதீங்க. தண்ணி வெளியே தள்ளத் தள்ள சுவருக்குள்ள சுத்தி வர்ற வளையக் கம்பி இழுபட்டே நிக்குது. ஓட்டை வழியா கசிஞ்சு கம்பி துருப்பிடிச்சா சிமெண்ட் பெயர்ந்து விழும்.

குளோரின்:
எடையை விடுங்க, எனக்குப் பயம் மேன்ஹோல்தான், டேங்க்குக்குள்ள ஆள் இறங்குற வாய். ஆள் வந்தா தீனி வரும், தீனி வந்தா குரங்கு வரும். லேசான மூடியை அது புரட்டிடும். இரும்பு மூடி, பூட்டு, காத்துக்குழாய்க்குக் கொசுவலை, எல்லாமே பார்வையாளர் கைக்கு எட்டாம இருக்கணும். ஒரு தடவை அசுத்தமானா முழுசா இறக்கிக் கழுவி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கணக்குல நிரப்பணும். 1 லட்சம் லிட்டருக்கு 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 15 கிலோ. அந்தத் தண்ணியையும் ஊருக்கு விடாம வெளியேத்தணும்.

கம்பிகட்டு:
மலையில 12 மீட்டர் தூண் எதுக்குன்னே முதல்ல கேளுங்க. 10 மீட்டர் இறக்கத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தானா கிடைக்கும். ஊருக்கு மேல மேடு இருந்தா அங்கே தரைத்தொட்டி போதும். பக்கத்துலயே தனி அஸ்திவாரத்துல 3 மீட்டர் மேடை, 15 சென்டிமீட்டர் படி 20, கைப்பிடி 1.2 மீட்டர். பனியில பாசி பிடிக்கும், படிக்கு டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பா விடுங்க. இடிதாங்கி கட்டாயம், இருந்தாலும் இடி கேட்டதும் கேட்டைப் பூட்டிடணும்.

மலைச்சரிவு:
மேடு இருக்குங்க, ஊருக்கு 25 மீட்டர் மேலே. அப்போ தூணே வேண்டாம்னு சொல்லிடறேன்.