பனோரமா கிராப்: கோயிலுக்கு மேல் வானம் போய்விடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஹூகின் மென்பொருளில் பல படங்களை ஒட்டிப் பனோரமா (அகலக் காட்சிப் படம்) செய்து பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

திருகோணமலை டச் பே கடற்கரையில் நின்று, சுவாமி மலையும் மேலே கோணேசர் கோயிலும் கடற்கரை வளைவும் சேர்ந்து வரும்படி கமராவை நெடுக்காகப் பிடித்து எடுத்த படங்கள். இணைப்பு அருமையாக வந்திருக்கிறது. பார்வைக் கோணம் 150 பாகை, அதனால் சிலிண்டர் புரொஜெக்ஷன் (காட்சியை உருளையில் சுற்றியதுபோல் விரிக்கும் முறை). நேர்கோடுகளை நேராகவே காட்டும் ரெக்டிலினியர் முறையைப் போட்டால் ஓரங்கள் பயங்கரமாக இழுபடும்.

சிக்கல் கிராப்பில்தான், அதாவது ஓரங்களை வெட்டுவதில். ஒட்டிய படத்தின் மேல் ஓரம் ஏறி இறங்கி நிற்கிறது, படம் இல்லாத இடம் கறுப்பாக இருக்கிறது. ஹூகின் தானாக வெட்டும் ஆட்டோகிராப் கறுப்பே இல்லாத செவ்வகத்தைப் பிடிப்பதால் கோயிலுக்கு மேலே வானமே மிஞ்சவில்லை. அந்த இடத்துக்கு மேல் வெளி இல்லாவிட்டால் படமே இல்லை என்பது என் எண்ணம். பிட்ச்சை (பார்வையின் மேல்-கீழ்ச் சாய்வை) மாற்றிக் கீழே இறக்கினால் கடல்கோடு வளைந்துவிடுகிறது.

வெளிநாட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுச் சுவருக்கு 6 அடிக்கு 2 அடி பிரிண்ட் இது. 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) என்றால் 10800 × 3600 பிக்சல் வேண்டும். கான்வாஸை (வெளிவரும் முழுப் படத்தின் அளவை) ஹூகின் கணக்கிடும் உகந்த அளவிலேயே வைத்து, கிராப் செய்த பிறகு சுருக்குவதா? அல்லது முதலே கான்வாஸ் அகலத்தைக் குறைப்பதா? எதில் கூர்மை நன்றாக நிற்கும்?

அப்புறம், கறுப்பு மூலைகளோடு பெரிதாகவே கிராப் செய்து, வானத்தை மட்டும் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் குளோன் பண்ணி (பக்கத்து வானத்தை நகலெடுத்து) நிரப்பியவர்கள் யாராவது உண்டா? இந்த அளவு பிரிண்டில் அது தெரியுமா? வெறும் நீல வானம்தான், மேகம் இல்லை.