நாக்நரே மலை உச்சியைக் கோட்டை என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டா?

அயர்லாந்தின் வடமேற்கே உள்ள ஸ்லைகோ நகருக்கு வேலைக்கு வந்த முதல் வாரம். ஜன்னலைத் திறந்தால் மேற்கே ஒரு மலை, அதன் உச்சியில் மொட்டையாக ஏதோ ஒன்று. இடிந்த கோட்டைதான் என்று முடிவுகட்டி, படம் எடுத்து அம்மாவுக்கே அனுப்பிவிட்டேன். அயர்லாந்தில் கோட்டைக்கா பஞ்சம்!

இரண்டு மாதம் கழித்து ஸ்ட்ராண்ட்ஹில் பக்கமிருந்து ஏறினேன். 327 மீட்டர்தான், ஆனால் கடற்காற்று குடையைப் பிடுங்கி மடக்கிவிட்டது. மேலே சுவரும் இல்லை, வாசலும் இல்லை. பத்து மீட்டர் உயரத்துக்கு வெறும் கல். சாம்பல் நிறம், ஈரம், இடுக்கெல்லாம் பாசி. ஒரு சுற்று வர இருநூறு காலடிக்கு மேல் எண்ணினேன். அம்மாவிடம் இன்னும் திருத்திச் சொல்லவில்லை.

---

நானும் கோட்டைக் கட்சிதான். பிறகுதான் தெரிந்தது, அது சுமார் 5,000 ஆண்டுப் பழைய ஈமக் கற்குவை. நார்மன்கள் அயர்லாந்துக்குப் படையெடுத்து வந்து கோட்டை கட்டியதே 12-ஆம் நூற்றாண்டில்! இந்த மேற்குப் பகுதியான கொன்னாக்டின் அரசி மேவை, வடக்கே உள்ள உல்ஸ்டர் பகைவர்களைப் பார்த்தபடி, ஆயுதத்தோடு நின்ற நிலையிலேயே உள்ளே புதைத்தார்கள் என்பது ஊர்க்கதை. கதைக்கும் கல்லுக்கும் காலம் ஒட்டவே ஒட்டாது. நம் பக்கத்தில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் 'பாண்டவர் குழி' என்று சொல்லவில்லையா, அந்த மாதிரிதான்.

போகிறவர்கள் கீழே கேரோமோரில் உள்ள கல்லறைகளையும் பாருங்கள். அங்கிருந்து நிமிர்ந்தால் இதுதான் தெரியும்.

---

உள்ளே என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் முறையாக அகழ்ந்து பார்க்கவில்லை. அயர்லாந்தின் கிழக்கே உள்ள நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறையைப் போல நடைவழியும் அறையும் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அடிவாரத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுபோய் மேலே போடுவது பழைய வழக்கம். என் ஏழு வயது மகன் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, மேலிருந்து ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நாயோடு வந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டார். "ராணி எல்லாக் கல்லையும் எண்ணி வைத்திருக்கிறாள்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பையன் வெலவெலத்துப்போய்க் கல்லைத் திருப்பி வைக்க ஓடினான். குவியல்மீது ஏறக் கூடாது. காலடி பட்டுக் கற்கள் சரிகின்றன. அதனால் ஓரத்தில் நின்றபடியே வைத்தான்.

எடுத்தது அந்த இடத்திலிருந்துதானா என்று இறங்கும் வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தான்.