பொருள்: ஆன்டிசெப்சிஸ், அசெப்சிஸ் – இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான மருத்துவ வரலாற்று நூலொன்றைத் தமிழில் பெயர்த்து வருகிறேன். அறுவை மருத்துவம் பற்றிய இயலை வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஆன்டிசெப்சிஸ், அசெப்சிஸ் ஆகிய இரண்டையும் இதுவரை 'கிருமிநீக்கம்' என்றே எழுதிவந்தேன். இந்த இயலில் அது செல்லாது. ஏனெனில் இயலின் கதையே இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான். 1865 ஆகஸ்ட் 12 அன்று கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்த ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனின் புண்ணில், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர். நான்கு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. காலையே வெட்டி எடுப்பது வழக்கமாயிருந்த காலம் அது. 1880களின் பிற்பகுதியில் பெர்லினில் அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மன் செய்தது வேறு: கருவிகளையும் துணிகளையும் முன்கூட்டியே நீராவியில் வைத்து, புண்ணை எதுவும் அண்டாமல் பார்த்துக்கொண்டார். முன்னது, அதாவது ஆன்டிசெப்சிஸ், வந்ததை எதிர்ப்பது. பின்னது, அதாவது அசெப்சிஸ், வரவே விடாதது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், பிண அறுவைக் கூடத்திலிருந்து நேரே மகப்பேற்றுக் கூடத்துக்கு வந்த மாணவர்களின் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்னும் பிண வாடை போகாததைக் கவனித்தார். குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கழுவினால் வாடை போயிற்று. அதையே விதியாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18.3 ஆக இருந்த தாய்மார் இறப்பு ஜூலையில் 1.2 ஆகக் குறைந்தது. மாணவர் கைகளிலிருந்து அவர் போக்க நினைத்தது கிருமியை அன்று, பிணத்துகளை. 'கிருமிநீக்கம்' என்று நான் எழுதினால், அவர் அறியாத ஒன்றை அவர் வாயில் திணித்தவன் ஆவேன். அவர் இறந்தது 1865 ஆகஸ்ட் 13, லிஸ்டர் அந்தச் சிறுவனுக்குக் கட்டுப்போட்ட மறுநாள். இந்த இரண்டு நாளையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டியிருப்பதால்தான் சொல்லுக்காக இவ்வளவு தவிக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

நண்பரே, சொல் நம்மிடமே இருக்கிறது. கிரேக்கத்தில் செப்சிஸ் என்றால் அழுகல். உள்ளே அழுகிக் குழிந்த புண்ணைத் தமிழர் 'புரையோடிய புண்' என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'புரைத்தடுப்பான்' ஏற்கெனவே வழங்குகிறது. ஆகவே ஆன்டிசெப்சிஸ் புரைத்தடுப்பு. அசெப்சிஸுக்கு வள்ளுவரே சொல் தந்திருக்கிறார்: 'பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்னும் 292ஆம் குறளில் புரை தீர்தல் என்பது குற்றம் அறவே நீங்கியிருத்தல். எனவே 'புரைதீர் அறுவை', 'புரைதீர் நிலை'. ஒரே வேரிலிருந்து இரண்டு சொல் கிளைப்பதையும் கவனியுங்கள், கிரேக்கத்திலும் அப்படித்தானே?

புரை என்பதற்கு உட்டுளை, குற்றம், ஒப்புமை எனப் பல பொருள் உண்டு. தொல்காப்பிய உரியியலோ 'புரை உயர்வு ஆகும்' என்கிறது. குற்றமும் உயர்வும் ஒரே சொல்லில் எப்படி வந்தன என்று பல ஆண்டு யோசித்திருக்கிறேன். உட்குழிவே முதற்பொருள், அதிலிருந்து குறையும் குற்றமும் கிளைத்தன, உயர்வைக் குறிப்பது வேறொரு வேர் என்பது என் கருத்து.

அறுவை மருத்துவர் எழுதியது:

ஐயா, உங்கள் புலமையை மதிக்கிறேன். ஆனால் இருபது ஆண்டுகளில் என் முன் வந்து அமர்ந்த ஒருவர்கூடப் புண் புரையோடிவிட்டது என்று சொன்னதில்லை. 'செப்டிக் ஆயிடுச்சு டாக்டர்' என்கிறார்கள். மூத்தவர்களாக இருந்தால் 'சீழ் வச்சிருச்சு' என்கிறார்கள். புரை என்றதும் அவர்களுக்கு நினைவுக்கு வருவது கண்புரை, அடுத்தது சாப்பிடும்போது புரையேறுவது. பயிற்சிக்கு வந்த செவிலியரிடம் 'புரைதீர் கையுறையை எடுங்கள்' என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? 'கிருமியற்ற கையுறை' என்றால் கை தானாக அந்த உறையை நோக்கிப் போகும். தவறான உறையை எடுத்தால் விலை கொடுப்பவர் மேசையில் படுத்திருப்பவர். மேலும் இன்றைய மருத்துவத்தில் செப்சிஸ் என்பது புண் அழுகுவது அன்று. தொற்றுக்கு உடல் தரும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் நிலை. புரை என்னும் வேரை இங்கே நட்டால் அதற்கு என்ன சொல் வைப்பீர்கள்?

ஈரோட்டிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதியது:

எங்கள் பக்கத்தில் பாலுக்கு மோர் விடுவதைப் 'பொரை ஊற்றுவது' என்போம். பிரை என்று சொல்பவர்களும் உண்டு. ஆசிரியர் ஐயா இதைக் கவனிக்க வேண்டும். லிஸ்டருக்கு வழி திறந்ததே பால் புளிப்பதும் சாராயம் நொதிப்பதும் பற்றிய லூயி பாஸ்டரின் ஆய்வுகள்தான். கிளாஸ்கோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் ஆண்டர்சன் அவற்றை லிஸ்டருக்குக் காட்டினார். பால் கெடுவதும் புண் கெடுவதும் ஒரே வகை நிகழ்வு என்பதே லிஸ்டர் கண்ட உண்மை. பின்னாளில் அவரே பால் புளிப்பிக்கும் நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். நேற்று இரவு உறி மோரில் ஒரு கரண்டி எடுத்துப் பாலில் விடும்போது, கரண்டி விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு துளியே ஒரு படிப் பாலையும் மாற்றிவிடும் என்று என் தாயார் சொன்னது நினைவுக்கு வந்தது. செம்மல்வைஸின் மாணவர்கள் விரலில் ஒட்டியிருந்ததும் அத்தகைய ஒரு துளிதான்.

தமிழாசிரியர் எழுதியது:

பிரை வேறு, புரை வேறு என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். இதழ் ஒலியை அடுத்து இகரம் உகரமாகத் திரிவது வழக்கே (பிட்டு, புட்டு), எனவே இரண்டும் ஒன்றாக இருக்கவும் கூடும். இனி விரிவாகப் பார்க்கிறேன். ஆனால் மருத்துவர் அம்மையாருக்கு ஒன்று: கிருமி வடசொல், அதன் பொருள் புழு. பழைய வைத்திய நூல்களில் வயிற்றுப் புழுவுக்கும் அதுவே பெயர். தூய சொல் வேண்டுமானால் நுண்ணுயிர் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர் எழுதியது:

சொல்லின் தூய்மை பற்றிய இந்த வழக்கு எங்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலேயே நடந்த பழைய வழக்கு. செம்மல்வைஸ் கை கழுவச் சொன்ன அதே 1847இல் இலங்கைக்கு வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவர் அறுவை மருத்துவ நூலை 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் வெளியிட்டார். லிஸ்டர் தம் முறையை லான்செட் மருத்துவ இதழில் எழுதியதும் அதே ஆண்டுதான். தமிழ்ச் சொல் கிடைத்தால் தமிழ், இல்லாவிட்டால் வடசொல், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் நூல்களில் காணும் போக்கு. மாணவர்கள் அதைப் படித்து வைத்தியரானார்கள்.

ஒரு திருத்தமும் உண்டு. ஆன்டிசெப்டிக் என்ற சொல் லிஸ்டருக்கும் முந்தியது. 1750இல் மருத்துவர் ஜான் பிரிங்கிள் இறைச்சித் துண்டுகள் எந்தெந்த உப்பில் அழுகாமல் நிற்கின்றன என்று ஆராய்ந்தபோதே அச்சொல்லை ஆண்டார். ஆகவே 'அழுகலெதிர்ப்பு' என்றால் இறைச்சிக்கும் புண்ணுக்கும் பொருந்தும். புரை இறைச்சிக்குப் பொருந்தாது.

மருத்துவர் எழுதியது:

நுண்ணுயிர் என்றால் தயிரில் உள்ளதும் நுண்ணுயிர்தான். எதை விலக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அந்தச் சொல்லில் இல்லை. கிருமி என்று கேட்டதும் ஒரு குழந்தைகூடக் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். வடசொல் என்பதற்காக அந்த அச்சத்தை இழக்க நான் உடன்பட மாட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டதால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். செம்மல்வைஸ் பகுதியில் கலைச்சொல்லே வேண்டாம். 'பிணத்துகள்', 'கைகழுவல்' போதும். பிரிங்கிளுக்கு 'அழுகலெதிர்ப்பு'. லிஸ்டருக்குப் 'புரைத்தடுப்பு'. பெர்க்மன் காலத்துக்குள் கிருமி அறியப்பட்டுவிட்டதால் அசெப்சிஸுக்குக் 'கிருமியற்ற நிலை'. இன்றைய செப்சிஸைத் தமிழ் எழுத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். உறுப்பினர் ஐவர் தனிமடலில் இதற்கு இசைந்துள்ளனர்.

தமிழாசிரியர் எழுதியது:

அச்சுக்குப் போவதைத் தடுக்க மாட்டேன். ஆயினும் என் மறுப்பைப் பதிந்து வைக்கிறேன். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான இரண்டு சொற்களுக்கு நீங்கள் வேறு வேறு குடியில் பெயர் வைத்துவிட்டீர்கள். இயலைப் படிக்கும் மாணவர் புரைத்தடுப்பையும் கிருமியற்ற நிலையையும் அருகருகே பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்று வளர்ந்தது என்பதைச் சொல்லைக் கொண்டு அறிய முடியாது. அடிக்குறிப்பிலாவது 'புரைதீர்' என்று ஓரிடத்தில் சேருங்கள்.