மலைப்பாதைக்கு விலை குறைந்த பாக்கெட் பிஸ்டல் எது?

அரிசோனா மலைப்பாதைகளில் நடக்கும்போது கால்சட்டைப் பையில் வைக்க, எடை குறைந்த, விலை மலிவான பிஸ்டல் வேண்டும். உரிமமும் பயிற்சியும் உண்டு. ரூகர் நிறுவனத்தின் எல்சிபி சரியா, .22 (சுமார் 0.22 அங்குல விட்டமுள்ள சிறு குண்டு) போதுமா?

பதில் 1: எல்சிபி .380 குண்டு போடுவது. 6+1 (குண்டுப் பெட்டியில் ஆறு, குழலறையில் ஒன்று), குண்டில்லாமல் 272 கிராம்தான். ஆனால் குழல் 2.75 அங்குலம், குறிபார்க்கும் மேடு மிகச் சிறியது, உதைப்பும் கூர்மை. எல்சிபி மேக்ஸ் சுமார் 300 கிராம். 10+1, குறிபார்க்கும் மேடும் தெளிவு. கொஞ்சம் கூடப் போட்டு அதையே வாங்குங்கள்.

பதில் 2: .22இல் வெடிமருந்துத் தூண்டி விளிம்பைச் சுற்றி இருப்பதால், வெடிக்காமல் போவது அதிகம். ரிவால்வர் என்றால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும். பாம்புக்கான சிறுமணிக் குண்டும் ரிவால்வருக்குத்தான் ஒத்துவரும். பிஸ்டலில் ஸ்லைடு (சுட்டதும் பின்னுக்குப் போய்வரும் மேல்பகுதி) முழுதாகப் பின்னுக்குப் போகாமல் சிக்கலாம். மூன்று மீட்டருக்கு மேல் மணிகள் சிதறிவிடும். பாம்பைக் கண்டால் விலகிப் போவதே முதல் வழி.

பதில் 3: கரடி இருக்கும் இடத்துக்கு இவை எதுவும் போதாது, கரடி ஸ்பிரே எடுங்கள். விசையை முழுதாக மூடும் பாக்கெட் உறை கட்டாயம். அந்தப் பையில் சாவி, நாணயம் எதுவும் கூடாது. வியர்வையில் ஸ்லைடு துருப்பிடிக்கும், நடை முடிந்ததும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். பையின் பஞ்சுத் தூசியை வாரம் ஒருமுறை தட்டி எடுங்கள். வாங்கிய குண்டில் 200 சுட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள்.