மலாக்காவில் ஒரு நாள்: பஹாவிலிருந்து சென்று வந்தவர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு (தோட்டத்தில் பிறந்து, இப்போது மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள பஹாவ் பட்டணத்தில் வசிப்பவர்):

எங்கள் மாரியம்மன் கோயில் மகளிர் பிரிவு ஏற்பாடு செய்த வேனில் விடியுமுன் புறப்பட்டு, கோலப்பிலா, தம்பின் வழியாக மலாக்காவை அடைந்து, பசியாறுவதற்கு முன்பே துக்காங் எமாஸ் சாலையிலுள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்திற்குச் சென்றோம். டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், மலாக்காச் செட்டிகளின் தலைவராக இருந்த தவிநாயகர் செட்டியிடம் அவர்கள் ஒப்படைத்த நிலத்தில் 1781ஆம் ஆண்டு எழுந்த ஆலயம் அது. அதே வீதியில், 1748இல் அமைந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளி அவ்விரண்டிற்கும் மூத்த செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கின்றன. உயர்ந்த கோபுரத்தை எதிர்பார்த்து வந்த சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கோ, ஓட்டுக்கூரை வீடுகளுக்கிடையே ஆரவாரமின்றி வீற்றிருக்கும் பிள்ளையாரைப் பார்த்தபோது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கோடியிலிருந்த எங்கள் பழைய கோயிலின் நெருக்கமே மனத்தில் எழுந்தது.

தீபாராதனையின்போது என் பக்கத்தில் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். சாரோங்கும் கெபாயாவும் அணிந்து, நெற்றி நிறைய திருநீறு பூசியிருந்தார். கைகளை மாற்றிக் காதுகளைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடும்போது முழங்கால் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டாரே தவிர, எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. பிறகு கண்களை மூடி, பிள்ளையாரிடம் மலாய் மொழியில் மெல்லிய குரலில் ஏதோ முறையிட்டார். நான் தமிழில் பேசியதற்கு அவர் சிரித்தபடி மலாயிலேயே மறுமொழி சொன்னார். வீடு காஜா பேராங்கிலுள்ள செட்டிக் கிராமம் என்றும், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த காலத்திலிருந்து இந்தச் சந்நிதிக்கு வருவதாகவும் கூறினார். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்திற்கு வந்து, இங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்களே மலாக்காச் செட்டிகள்.

எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டார். தோட்டம் விற்கப்பட்டதையும், கோயிலை இடம் மாற்ற வேண்டி வந்ததையும், அம்மனை லாரியில் ஏற்றி, மழையில் நனையாதிருக்கத் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுபோனதையும் சொன்னேன். அவர் சற்று நேரம் என் கையைப் பிடித்தவாறு இருந்துவிட்டு, “சாமியோடு எல்லாரும் கூடவே போனார்களா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. பாதிப் பேர் சிரம்பானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். திருவிழாவுக்கு வருகிறவர்களும் மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள்.

வேனில் ஏறியதும் ஒருவர், “பாவம், தமிழ் தெரியாதவர்கள்” என்றார். அந்தப் பரிதாபம் எனக்கு உவப்பாக இல்லை. தமிழ்ப்பள்ளியும் தமிழ் நாளிதழும் வானொலியும் நம்மிடம் உள்ளன. ஆயினும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீடுகள் எங்கள் வரிசையில் குறைந்துகொண்டே வருகின்றன. பல தலைமுறைகளாக மொழியே கைநழுவிப் போன பின்னும், போகிப் பண்டிகையன்று முன்னோருக்கு வாழை இலையில் படையல் வைப்பதை அவர்கள் விடவில்லை. காஜா பேராங்கில் 1822இல் எழுந்த ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயத்தையும் தரிசித்தோம். நடை சாத்தும் நேரமாகிவிட்டதால் அங்கு அதிகம் நிற்க முடியவில்லை.

இரண்டாம் பகிர்வு (பஹாவ், கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர்):

அதே வேனில் நாங்களும் சென்றோம். பிற்பகலில் நாங்கள் சிலர் மட்டும் செயின்ட் பால் குன்றின் மீது ஏறினோம். அங்கே கூரையின்றி நிற்கும் தேவாலயம் 1521இல் போர்ச்சுக்கீசியர் கட்டியது. முத்துக்குளித்துறையில் பரதவர் மக்களிடையே பணியாற்றி, செபங்களைத் தமிழில் எழுதச் செய்து மனப்பாடமாகக் கற்பித்த புனித சவேரியார், 1545இல் மலாக்காவிற்கு வந்தார். சீனக் கரைக்கு அப்பாலுள்ள தீவில் 1552இல் அவர் இறந்த பிறகு, அவருடைய உடல் இங்குதான் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பின்னர் கோவாவிற்குக் கொண்டு செல்லப்பட்டது. இப்போது இருப்பது கம்பிவலையிட்ட வெறும் குழி. என் பாட்டனாரும் அதே தமிழ்க் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர் என்பதால், அந்தக் குழியின் முன் என்னால் சுற்றுலாப் பயணியைப் போல் நிற்க இயலவில்லை.

கம்பிவலைக்கு அருகில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண் ஒருவர் மண்டியிட்டிருந்தார். கடலோடியான தன் மகனுக்காகச் செபிக்கும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார். அவர் ஆங்கிலத்திலும் நாங்கள் தமிழிலுமாகப் பரலோக மந்திரத்தைச் சொன்னோம். குன்றின் அடிவாரம்வரை இருந்த கடலை மண்ணைக் கொட்டித் தூர்த்து வெகுதூரம் தள்ளிவிட்டார்கள். மகனின் கப்பல் எந்தத் திசையில் இருக்கும் என்று அவர் கேட்டபோது, கட்டடங்களைத் தாண்டித்தான் கைகாட்ட முடிந்தது.

மூன்றாம் பகிர்வு (ஆலய இளைஞர் பிரிவு):

அடுத்த முறை மாசி மகத்தன்று செல்லலாம் என்பது எங்கள் கருத்து. அன்று பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்கு முருகப்பெருமானின் வெள்ளி ரதம் செல்லும். கூட்டம் மிகும் என்பதால் முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்குத் தனி வேன் தேவைப்படும். சிரம்பானுக்கும் ஜொகூருக்கும் குடிபெயர்ந்தவர்களுக்கும் தகவல் சொல்லியிருக்கிறோம். வர விரும்புவோர் ஆலய அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுக்கவும்.