கிராஃப் ஏபிஐ வழியாகக் கிளையண்ட் சீக்ரட் சேர்க்கும்போது 404 வருகிறது

கொழுந்துக்கணக்கு, ஹட்டன்:

வணக்கம். தோட்டமொன்றின் மடுவங்களில் நிறுக்கப்படும் கொழுந்தின் எடையைத் தொகுத்து, மாலையில் அலுவலகத்திற்கு மின்னஞ்சலாக அனுப்பும் சிறு செயலியொன்றைப் பராமரித்து வருகிறேன். அது மைக்ரோசொஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ரா ஐடியில் பதியப்பட்டு, கிளையண்ட் சீக்ரட் எனும் செயலிக்குரிய கடவுச்சொல்லைக் காட்டி, டோக்கன் எனும் நுழைவுச் சான்றைப் பெறுகிறது. அந்த சீக்ரட் சென்ற வாரம் காலாவதியானதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். இரண்டு நாட்கள் அறிக்கை போகாததால், கணக்கப்பிள்ளை துண்டுக் கடதாசியில் எழுதித் தந்த எடைகளையெல்லாம் நானே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

இனிமேல் தவணைக்கு முன்பே ஒரு ஸ்கிரிப்ட் தானாகப் புதிய சீக்ரட் சேர்க்க வேண்டும் என்று எண்ணி, மைக்ரோசொஃப்ட் சேவைகளை நிரல்வழி இயக்கும் கிராஃப் ஏபிஐயின் ஆட்பாஸ்வேர்ட் அழைப்பை எழுதியிருக்கிறேன். முகவரியில் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்பதை அடுத்து, செயலியின் அடையாள எண்ணான கிளையண்ட் ஐடியைக் கொடுத்துப் போஸ்ட் செய்தால், அப்படியொரு வளமே இல்லை என்று 404 வருகிறது. செயலியோ போர்டலில் கண்ணெதிரே இருக்கிறது. அனுமதிதான் போதவில்லையா?

மூடுபனி, நுவரெலியா:

அனுமதி போதாவிட்டால் பெரும்பாலும் 403 வந்திருக்கும். 404 வருவதற்குக் காரணம், அந்த இடத்தில் கிளையண்ட் ஐடி அன்றி, என்ட்ராவில் அந்தப் பதிவுக்கே உரிய எண்ணான ஒப்ஜெக்ட் ஐடி இருக்க வேண்டும் என்பதே. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: ‘ஆப் ரெஜிஸ்ட்ரேஷன்ஸ்’ பக்கத்தில் காணும் ஒப்ஜெக்ட் ஐடி வேறு, ‘என்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ்’ பக்கத்தில் அதே செயலிக்குக் காணும் ஒப்ஜெக்ட் ஐடி வேறு. பின்னது, நிறுவனத்தினுள் அந்தச் செயலியின் பெயரில் இயங்கும் கணக்கான சேர்விஸ் பிரின்சிபலுக்கு உரியது. உங்களுக்கு வேண்டியது முன்னது. கிளையண்ட் ஐடியைத்தான் கொடுப்பேன் என்றால், ‘அப்ளிகேஷன்ஸ்’ என்பதற்குப் பின் சாய்கோடு இடாமல், அடைப்புக்குறிக்குள் ஆப்ஐடி சமம் என்று எழுதி, ஒற்றை மேற்கோளுக்குள் அந்த எண்ணை இடும் வடிவமும் உண்டு.

அனுமதியைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். ‘அப்ளிகேஷன் டொட் ரீட்ரைட் டொட் ஆல்’ கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது கையிலிருக்கும் ஸ்கிரிப்ட், நிறுவனத்திலுள்ள எந்தச் செயலிக்கும் ஒரு சீக்ரட் சேர்த்து, அதன் பெயரிலேயே உள்ளே நுழைய முடியும். தனக்கு உரிமையான செயலிகளை மட்டும் மாற்றவிடும், ‘ஓன்ட்பை’ என்று முடியும் அனுமதியைக் கொடுத்து, ஸ்கிரிப்டின் சேர்விஸ் பிரின்சிபலைக் கொழுந்துச் செயலிக்கு உரிமையாளராகச் சேர்த்தால் போதும்.

கொழுந்துக்கணக்கு, ஹட்டன்:

மிக்க நன்றி, ஐயா. ஒப்ஜெக்ட் ஐடியை மாற்றியதும் 200 வந்துவிட்டது. ஆனால் பதிலில் வந்த கீஐடியைச் செயலியின் அமைப்பில் இட்டுப் பார்த்தால், டோக்கன் கேட்குமிடத்தில் ஏஏடிஎஸ்டிஎஸ் 7000215, அதாவது சீக்ரட் செல்லாது என்று வருகிறது.

ஊவாக்காற்று, பண்டாரவளை:

தம்பி, கீஐடி என்பது அந்த சீக்ரட்டின் அடையாள எண் மாத்திரமே. உண்மையான கடவுச்சொல் அதே பதிலில் சீக்ரட்டெக்ஸ்ட் என்ற புலத்தில் வந்திருக்கும். அதை என்ட்ரா தானே உருவாக்குகிறது, நாம் விரும்பிய சொல்லைக் கொடுக்க முடியாது. அந்தப் பதிலைத் தவிர வேறெங்கும் அதை மறுபடி பார்க்கவும் முடியாது. நீங்கள் அதைச் சேமிக்காமல் விட்டிருந்தால், தேடி நேரத்தை வீணாக்காமல், அந்தக் கீஐடியைக் கொடுத்து ரிமூவ்பாஸ்வேர்ட் செய்துவிட்டு, புதிதாக ஒன்று சேருங்கள். ஹின்ட் என்ற புலத்தில் கடவுச்சொல்லின் முதல் 3 எழுத்துகள் நிலையாக இருக்கும். சேமித்தது சரியானதா என்று ஒப்பிட அது உதவும்.

காலாவதி நேரத்தைக் குறிக்கும் என்ட்டேட்டைம் கொடுக்காவிட்டால் 2 ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்ளும். அது மிக நீளம், நான் 6 மாதத்திற்கு மேல் கொடுப்பதில்லை. அந்த நேரம் இசட் என்று முடிந்தால் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்பதை மறக்கக் கூடாது. நள்ளிரவு என்று நீங்கள் எழுதியது நமக்குக் காலை 5.30, வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் வேளை.

ஒரே செயலியில் பல சீக்ரட்டுகள் ஒரே நேரத்தில் செல்லுபடியாகும் என்பதால், பழையதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்கும் வழக்கம் வேண்டாம். புதியதைச் சேர்த்து, செயலியில் மாற்றி, ஒரு நாள் அறிக்கை ஒழுங்காகப் போனதைக் கண்ட பிறகே பழையதை நீக்குங்கள். டிஸ்ப்ளேநேமில் மாதத்தையும் ஆண்டையும் இட்டு வைத்தால், எது பழையது என்று குழம்ப வேண்டியிருக்காது.

கொழுந்துக்கணக்கு, ஹட்டன்:

சீக்ரட்டெக்ஸ்டைச் சேமிக்கவில்லை, எனவே நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். ஹின்டும் முதல் 3 எழுத்துகளும் ஒத்துப்போகின்றன, டோக்கனும் கிடைத்தது. இன்றைய அந்தி நிறுவை அலுவலகத்திற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இரண்டு ஆண்டுத் தவணையை நாளைக்கு 6 மாதமாக்கிவிடுகிறேன்.