எடை குறைய முதலே சீனி இறங்கினது எப்படி?

கோண்டாவில்_பெடியன்:
அக்காவுக்குப் போன மாதம் கொழும்பில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஒப்பரேஷன் நடந்தது, ஸ்லீவ் என்கிறார்கள். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 43, சீனி வருத்தம், மாதவிடாயும் ஒழுங்கில்லை. வீட்டுக்கு வந்த முதல் கிழமையே, உடம்பு பெரிதாக மெலிய முதலே, வெறுவயிற்றுச் சீனி நல்லாக இறங்கி, டொக்டர் சீனிக் குளிசையான மெட்ஃபோர்மினைப் பாதியாக்கிவிட்டார். அம்மா "அவள் ஒண்டும் தின்னுறாள் இல்லை, பின்ன சீனி எங்கையிருந்து ஏறும்" என்கிறா. அதைவிட எனக்கு விளங்காதது, புட்டு அவிக்கிற வாசத்துக்கே குசினிக்கு வாற அக்கா இப்போது பசியே இல்லை என்கிறா. வயிறு சின்னதென்றால் கெதியாக நிரம்பும், சரி. பசியே வராமல் போவது ஏன்?

பழைய_மிஸ்ஸி:
அம்மா சொல்வது பாதி சரி தம்பி. சாப்பாடு சட்டென்று குறைந்ததும் ஈரலில் கிடக்கும் கொழுப்புத்தான் முதலில் கரையும், ஈரல் இரத்தத்துக்குள் விடுகிற குளுக்கோசும் குறையும், அதற்குச் சில நாட்களே காணும். மிச்சப் பாதி ஹோர்மோன். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கு அளவுக்கு வெட்டி எடுக்கிறார்கள், பசியைக் கிளப்பும் கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். நாங்களாக வாயைக் கட்டி மெலிந்தால் கிரெலின் ஏறும், கொழுப்பிலிருந்து வருகிற லெப்டின் இறங்கும், பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை பயந்து பசியைக் கூட்டிவிடும், அதனால்தான் குறைந்த எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. ஸ்லீவ் செய்தால் அந்தக் கிரெலின் ஏறுவதில்லை. இன்னொன்று, சாப்பாடு கெதியாகக் குடலுக்குப் போவதால் ஜிஎல்பி-1, பிவைவை என்ற குடல் ஹோர்மோன்கள் இரண்டும் கூடுதலாகச் சுரக்கும். ஜிஎல்பி-1 சீனி ஏறும்போது இன்சுலினைக் கூட்டும், போதும் என்று மூளைக்கும் சொல்லும். இப்போது எல்லோரும் கதைக்கிற, சீனிக்குப் போடும் ஓசெம்பிக் ஊசி இந்த ஹோர்மோனைப் போலத்தான் வேலை செய்கிறது.

ஸ்காபரோ_மாமா:
எனக்கு இங்கே இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேரே இணைக்கிற ஒப்பரேஷன்) செய்தது, சீனி இறங்கியது உண்மை. ஆனால் வருத்தம் போய்விட்டது என்று ஊருக்குள் சொல்லித் திரியவேண்டாம். அமெரிக்காவில் 150 பேரை வைத்துச் செய்த ஸ்டாம்பீட் ஆய்வின் 5 வருட முடிவு 2017இல் வந்தது: எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6 சதவீதமோ அதற்குக் கீழோ நின்றவர்கள் பைபாஸில் 29, ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். மருந்தைவிட எவ்வளவோ மேல், ஆனால் முக்கால்வாசிப் பேர் அந்த அளவில் நிற்கவில்லையே. கனகாலச் சீனிக்காரருக்கும் இன்சுலின் போட்டவருக்கும் பலன் இன்னும் குறைவு. அப்புறம் கலியாண வீட்டுப் பாயாசத்தில் கவனம். நான் ஒரு கப் குடித்து அரை மணித்தியாலத்துக்குள் வியர்த்து நெஞ்சு படபடத்து, மண்டபத்துப் பின்வாங்கிலில் படுத்துக் கிடந்தேன். இனிப்புக்கு இப்படி வருவது பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் வரலாம்.

இணுவில்_அக்கா:
மாதவிடாயை ஒருவரும் தொடவில்லை. இன்சுலின் கூடி நின்றால் சூலகம் ஆண் ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், அதில்தான் பலருக்கு மாதவிடாய் தவறுகிறது. இன்சுலின் இறங்க, அதுவும் வழிக்கு வரும், கருத்தரிக்கவும் சாத்தியம் கூடும். ஆனால் ஒப்பரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை பிள்ளை தங்காமல் பார்க்கச் சொல்லுவார்கள். அக்கா கலியாணம் செய்தவா என்றால் கிளினிக்கில் அவாவே கேட்கட்டும், உங்களுக்கூடாகக் கேட்பிக்க வேண்டாம்.

பழைய_மிஸ்ஸி:
ஓம். இரும்பு, கல்சியம், விற்றமின் டி, பி12 குளிசைகள் ஆயுளுக்கும். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்க விடாதேங்கோ.

கோண்டாவில்_பெடியன்:
பி12 இன்னும் பார்க்கவில்லையே.

பழைய_மிஸ்ஸி:
மெட்ஃபோர்மினும் பி12ஐக் குறைக்கும். அடுத்த கிளினிக்கில் கேட்டு எழுதுவியுங்கோ.